சராசரிப் புதிர்: நான்கு எண்ணில் முடிகிறது, மூன்றில் ஏன் முடியவில்லை?

கேள்வி:
பலகையில் சில எண்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஏதாவது இரண்டை அழித்துவிட்டு, அந்த இரண்டு இடத்திலும் அவற்றின் சராசரியை எழுத வேண்டும். எல்லா எண்ணும் சமமானால் ஆட்டம் முடிந்தது. 3, 7, 10, 20 எடுத்தால் நான்கே படியில் எல்லாம் 10 ஆகிவிடுகிறது. 1, 2, 6 மட்டும் மசியவில்லை. சராசரி 3, முழு எண்தான். 1-ஐயும் 6-ஐயும் சேர்த்தால் 3.5, 3.5, 2; அடுத்து 2.75, 2.75, 3.5; அடுத்து 3.125, 3.125, 2.75. கிட்டே போகிறது, தொடமாட்டேன் என்கிறது. வேறு வரிசையில் செய்தால் வருமா?

பதில் 1:
வராது. கடைசியிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். கூட்டுத்தொகை மாறுவதே இல்லை, எனவே முடிவு 3, 3, 3. கடைசிப் படியில் கை வைக்காத எண் முன்பே 3 ஆக இருந்திருக்கும். மற்ற இரண்டும் 3−d, 3+d. d பூஜ்யமல்ல, பூஜ்யமென்றால் ஆட்டம் முன்பே முடிந்திருக்கும். ஆக மூன்றும் வெவ்வேறு எண்கள். ஆனால் ஒரு படியாவது நடந்த பலகையில் இரண்டு எண்கள் கட்டாயம் சமமாக இருக்கும்! எனவே அப்படிப்பட்ட நிலை தொடக்கத்திலேயே இருந்தால்தான் உண்டு. மூன்று எண்ணில், ஒன்று மற்ற இரண்டின் சராசரியாக இருந்தால் ஒரே படி (1, 3, 5 போல). இல்லையென்றால் எத்தனை படி போட்டாலும் நடக்காது.

பதில் 2:
எண்ணிக்கை 2, 4, 8, 16 என்று இரண்டின் அடுக்காக இருந்தால் எந்த எண்களைக் கொடுத்தாலும் முடியும். எட்டு எண்ணுக்கு மூன்று சுற்று, சுற்றுக்கு 4 படி, மொத்தம் 12. முதல் சுற்றில் இரண்டிரண்டாகச் சேருங்கள். அடுத்த சுற்றில் ஒரு ஜோடியிலிருந்து ஒன்று, பக்கத்து ஜோடியிலிருந்து ஒன்று. இங்கேதான் பலர் தடுமாறுவார்கள்: ஏற்கெனவே சமமான இரண்டையே மறுபடி சேர்த்தால் படி வீண்.

மற்ற எண்ணிக்கைகளுக்கு ஒரு 1, மீதி எல்லாம் 0 என்று வைத்துப் பாருங்கள். பலகையில் வரும் எந்தப் பின்னத்துக்கும் பகுதி இரண்டின் அடுக்குதான். ஆறு எண்ணுக்கு வேண்டியதோ 1/6. முடியாது. 1-க்குப் பதில் 6 வைத்தால் சராசரி முழு எண்ணாகுமே என்று தோன்றும். அது அதே பலகை, ஆறு மடங்காகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

பின்னத்தின் பகுதியை வைத்துச் செய்த இந்த வாதம் 1, 2, 6-இல் பலிக்காது; அங்கே வேண்டிய 3 முழு எண்தானே. அதற்கு மேலே உள்ள பின்னோக்கிய வாதம்தான் வேண்டும், அழகும் அதில்தான்.

கேள்வி கேட்டவர்:
தெளிவாகிவிட்டது, நன்றி. ஆனால் நிரலில் ஓட்டினால் மூன்றும் சமம் என்று வந்து நிற்கிறதே?

பதில் 2:
தசம எண்ணாக வைத்திருப்பீர்கள். முதல் படிக்குப் பிறகு பலகை x, x, y வடிவில்தான் இருக்கும்; வித்தியாசம் படிக்குப் படி பாதியாகும்: 1.5, 0.75, 0.375. ஐம்பது சொச்சம் படியில் அது 64 பிட் எண்ணின் துல்லியத்துக்குக் கீழே போய், முழுமையாக்கலில் மறைந்துவிடும். தொகுதி, பகுதி இரண்டையும் முழு எண்களாகவே வைத்து ஓட்டுங்கள், நிற்காது.

பதில் 1:
வேகத்தை அளக்க, சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டுங்கள். a, b-ஐச் சேர்த்தால் அந்தத் தொகை சரியாக (a−b)²/2 குறையும். எப்போதும் பெரியதையும் சிறியதையும் எடுத்தால், n எண்ணில் படிக்குக் குறைந்தது 2/n பங்கு கரையும். ஜோடியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால்? அது கணிதவியலாளர் ழான் பூர்கேன் எழுப்பிய கேள்வி. சட்டர்ஜி, டயகோனிஸ், ஸ்லை, ஜாங் நால்வரும் 2022இல் வெளியான கட்டுரையில் விடை தந்தார்கள்: ஒரு 1, மீதி 0 என்று தொடங்கி n பெரிதாக இருந்தால், விலகல்களின் மொத்தம் (வர்க்கமல்ல, கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டுக் கூட்டியது) சுமார் (n/2)·log₂n படி அருகே திடீரென்று சரிகிறது. n-க்கு 8 போட்டால் 12. மேலே வரிசையாகச் சேர்த்த கணக்கும் அதே சூத்திரம்தான்.