பெயரையும் முகவரியையும் பிரித்தால் இணைப்பு அறுபடாதா?

கேள்வி (ஹட்டன்):
எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து நிறுவைக் கணக்கு, கொழும்பிலுள்ள சேவையகத்துக்கு டிசிபி (இரு கணினிகளிடையே தரவை ஒழுங்காகக் கொண்டுசெல்லும் நெறிமுறை) வழியாகத் தொடர்ந்து செல்கிறது. அடைமழையில் ஃபைபர் நின்று, ரூட்டர் 4ஜிக்கு மாறும்போதெல்லாம் அத்தொடர்பு அறுந்துவிடுகிறது. கணினியின் பெயரையும் முகவரியையும் பிரித்து வலையமைப்பை வடிவமைத்தால் இது தீரும் என்கிறார்கள். பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சேவை அதைத்தானே ஏற்கெனவே செய்கிறது?

மறுமொழி 1 (பண்டாரவளை):
இல்லை. டிஎன்எஸ் பெயர் தொடக்கத்தில் ஒரு தடவை முகவரியாக மாற்றப்படுகிறது. அதன்பின் டிசிபி அப்பெயரைப் பார்ப்பதே இல்லை, இரு முனைகளின் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் (கணினியில் எந்தச் செயலி என்று காட்டுபவை) கொண்டே இணைப்பை அடையாளம் காண்கிறது. லயக் காம்பிரா (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறை) எண்ணையே ஒருவரின் பெயராகப் பதிந்தால், அவர் அடுத்த லயத்துக்குக் குடிபோனதும் வேறு ஆளாகிவிடுவார் அல்லவா? கணினியும் அது வலையமைப்பில் பொருந்தும் இடமும் வெவ்வேறு என்பதை கணினி அறிஞர் ஜெரோம் சால்ட்சர் 1982 இலேயே எழுதிவிட்டார். அக்கட்டுரை 1993 இல் ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) 1498 ஆக வெளிவந்தது.

மறுமொழி 2 (நுவரெலியா):
பிரிப்பது எளிது, ‘நான் இடம் மாறிவிட்டேன், இனி இங்கே அனுப்பு’ என்று ஒரு கணினி சொல்லும்போது அதை எப்படி நம்புவது என்பதே கடினம். எவரும் அப்படிச் சொல்லிப் பிறருடைய இணைப்பைக் கைப்பற்றலாம். ஹிப் நெறிமுறை (ஆர்எஃப்சி 7401, 2015) இதற்குத் தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் கணினியின் அடையாளமே ஒரு பொதுத் திறவுகோல் (அதற்கு இணையான இரகசியத் திறவுகோல் அக்கணினியிடம் மட்டுமே இருக்கும்). டிசிபி அதிலிருந்து பெறப்பட்ட 128 பிட் ஹாஷை (சுருக்க எண்ணை) முகவரிக்குப் பதிலாகப் பற்றிக்கொள்கிறது. முகவரி மாறினால், கணினி கையொப்பமிட்ட அறிவித்தலை மறுமுனைக்கு அனுப்புகிறது. இரு முனைகளும் ஒரே நேரத்தில் இடம் மாறினால், நிலையான இடத்திலுள்ள சந்திப்புச் சேவையகம் ஒன்று தேவைப்படும். ஐஎல்என்பி என்ற இன்னொரு நெறிமுறை (ஆர்எஃப்சி 6740, 2012) 128 பிட் கொண்ட ஐபிவி6 முகவரியின் முதல் 64 பிட்டை இடத்துக்கும், எஞ்சிய 64 பிட்டை அடையாளத்துக்கும் ஒதுக்குகிறது. கணினிகளைத் தொடாமல் ரூட்டர்களிலேயே பிரிப்பது லிஸ்ப் நெறிமுறை (ஆர்எஃப்சி 6830, 2013). ஆனால் எந்த அடையாளம் எந்த இடத்தில் உள்ளது என்ற பதிவேட்டை அங்கே யாராவது நடத்தியாக வேண்டும்.

மறுமொழி 3 (ஹப்புத்தளை):
ஹட்டன் நண்பரின் நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரூட்டருக்குப் பின்னாலுள்ள கணினி, வெளி முகவரி மாறியதையே அறியாது. அறியாததை அதனால் அறிவிக்கவும் முடியாது. டிசிபிக்கு மாற்றான குயிக் நெறிமுறை (ஆர்எஃப்சி 9000, 2021) இங்கே பொருந்தும். ஒவ்வொரு தரவுப் பொதியும் இணைப்பு அடையாள எண்ணைச் சுமந்து செல்வதால், புதிய முகவரியிலிருந்து வந்தாலும் சேவையகம் அதை இனங்கண்டு, பாதையைச் சரிபார்த்த பின் தொடர்கிறது. இது இணைப்புக்கு மட்டுமான பெயரே. கணினிக்கு நிலையான பெயரைத் தராது. எனினும் இயங்குதளங்களில் ஏற்கெனவே உள்ள யுடிபி என்ற எளிய நெறிமுறையின் மேல் ஓடுவதால், இயங்குதளத்தை மாற்றாமல், இரு முனைகளின் மென்பொருளை மட்டும் மாற்றினால் போதும்.