லாபம் இருந்தது, சனிக்கிழமை சம்பளத்துக்குப் பணம் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பவர்டேபிள்14

திருப்பூரில் எட்டு வருடமாக, கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். 14 டெய்லர், செக்கிங், அயர்னிங் தனி. நடந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, ஆனால் அந்த ஒரு சனிக்கிழமை மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அந்த வாரம் திங்கள்கிழமைதான் ஆடிட்டர் கணக்கை முடித்துக் கொடுத்தார். "5 லட்சத்து 80 ஆயிரம் லாபம் நிக்குது, நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றார். வீட்டுக்கு ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். சனிக்கிழமை சம்பளம் போட 63,000 வேண்டும், பேங்கில் இருந்தது 1,100. வேலை கொடுக்கும் பார்ட்டியிடம் நிற்கும் பில் மட்டும் எட்டரை லட்சம். 90 நாள் என்று பேசியது, 120 தாண்டிவிட்டது. நூல், ஊசி, கரண்ட், வாடகை எதற்கும் 90 நாள் கிடையாது. பில்லுக்கான ஜிஎஸ்டியையும் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் என் கையிலிருந்து கட்டியாயிற்று. பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சாயங்காலம் முழுக்கப் போன் அடித்தேன். "திங்கக்கிழமை பார்க்கலாம்" என்றார்கள், அப்புறம் எடுக்கவே இல்லை. ராத்திரி ஒன்பது மணி இருக்கும், எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா ஒருத்தர் மட்டும் வாசல் படியில் டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. "பொண்ணுக்கு பீஸ் கட்டணும் தம்பி, இல்லைன்னா கேட்டிருக்க மாட்டேன்" என்றார். என் பையில் 5 லட்சத்து 80 ஆயிரம் லாபம் என்று எழுதிய காகிதம் இருக்கிறது, அவருக்குக் கொடுக்க 4,300 ரூபாய் இல்லை.

வேறு யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் எழுதுங்கள்.

ஜவுளிக்கடை_தாராபுரம்

அண்ணே, உங்களுக்கு லாபம் இருந்தது, பணம்தான் வரவில்லை. எனக்குக் கல்லா நிறைய பணம் இருந்தது, லாபம்தான் இல்லை.

அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் கணக்கு ஒன்றுதான், வாங்கிய விலைக்கு மேல் 25 சதவீதம். 200 ரூபாய் நைட்டி 250. தீபாவளிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதுக்கடை திறந்து 20 சதவீதம் தள்ளுபடி என்று பேனர் கட்டினார்கள். நானும் கட்டினேன். 25இல் 20 போனால் 5 நிற்கும், கூட்டம் வந்தால் போதும் என்பது என் கணக்கு. கூட்டம் வந்தது, நிற்க இடம் இல்லை. தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி கடையை மூடிவிட்டு கால்குலேட்டரில் ஒரே ஒரு நைட்டிக்குப் போட்டுப் பார்த்தேன். 250க்கு 20 சதவீதம் 50 ரூபாய். கைக்கு வந்தது 200. வாங்கிய விலையும் 200.

நம்பாமல் மூன்று தடவை போட்டேன். 25 என்பது வாங்கிய விலை மேல், 20 என்பது விற்ற விலை மேல். இரண்டும் ஒரே ஐம்பது ரூபாய்தான். பத்து நாள் நாலு பையன்களுக்குக் கூடுதல் சம்பளம், பை, லைட், பேனர் எல்லாம் கைக்காசு. அப்பாவிடம் இன்றுவரை சொல்லவில்லை, அந்தத் தீபாவளி நல்ல வியாபாரம் என்றுதான் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கணக்கர்63

முதல் பதிவு போட்டவருக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம், தவறு உங்களுடையது. சிறு தொழிலுக்கு அரசு கொடுக்கும் உத்யம் பதிவு இருக்கிறதா? இருந்தால் 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தள்ள முடியாது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். 90 நாள் என்று நீங்கள் பேசிக்கொண்டது அந்தச் சட்டத்தின் முன் நிற்காது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போட்டால், பணத் தாமதத்தை விசாரிக்கும் கவுன்சிலுக்குப் போகும். போதாததற்கு 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) சேர்த்தார்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டியும் பணம் கொடுக்காமல் மார்ச் 31 கடந்தால், வாங்கியவர் அந்த வருடம் அதைச் செலவாகக் காட்ட முடியாது, வரி கூடும். எப்போது கொடுக்கிறாரோ அந்த வருடம்தான் காட்டலாம். கவனிக்கவும், இது தயாரிப்பு, சேவை செய்பவர்களுக்கு. வாங்கி விற்கும் வியாபாரிக்கு உத்யம் பதிவு கிடைத்தாலும் இந்தப் பாதுகாப்பு இல்லை, நடுத்தர நிறுவனத்துக்கும் இல்லை.

இன்னொன்று, பெரிய பார்ட்டியாக இருந்தால் ட்ரெட்ஸ் தளத்தில் பில்லை ஏற்றலாம். பார்ட்டி அதை ஒப்புக்கொண்டால் பேங்க் கொஞ்சம் கழித்துக்கொண்டு பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடும். லாப நஷ்டக் கணக்கை வருடத்துக்கு ஒரு தடவை பாருங்கள், வர வேண்டிய பில் எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலை வாராவாரம் பாருங்கள்.

என் அனுபவம் என்று கேட்டால், 1998இல் என் அண்ணன் பட்டறை மூடியது. ஆர்டர் புத்தகம் நிறைந்திருந்தது.

மாவு_அக்கா

கணக்கர் சார், நீங்கள் சொன்ன சட்டம் எல்லாம் உண்மைதான், ஆனால் இரண்டே பார்ட்டியை நம்பி ஓடும் யூனிட்டுக்காரர் அதில் ஒருத்தர் மேல் புகார் போட்டால் அடுத்த ஆர்டர் எங்கிருந்து வரும்? என் வீட்டுக்காரரும் ஜாப் ஒர்க்கில் இருந்தவர்தான். "உங்க உத்யம் நம்பர் இல்லாத பில் போடுங்க" என்று பார்ட்டியே கேட்டிருக்கிறார்கள். அதனால் தவறு உங்களுடையது என்று எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை.

என் கதை சின்னது. அம்பத்தூரில் ஐந்து வருடமாக இட்லி மாவு போடுகிறேன். நாலரை மணிக்கு எழுந்திருப்பேன். அரிசி, உளுந்து, கரண்ட், கவர், கடைக்காரர் கமிஷன் போக மாதம் 14,000 நின்றது, லாபம் என்று சந்தோஷமாக இருந்தேன். என் பையன் பிளஸ் ஒன் காமர்ஸ். ஒருநாள் என் நோட்டை எடுத்துக் கணக்குப்பதிவியல் பாடத்தில் வருவது மாதிரி கோடு போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்கு எடுத்த மாவு, எடுத்த பணம் எல்லாம் 'எடுப்புகள்' என்று தனியாக எழுதினான். கடை வேறு, முதலாளி வேறு என்று வைத்துத்தான் கணக்கு எழுதணுமாம். எழுதிவிட்டு நிமிர்ந்து, "அம்மா, உன் கூலி எந்த வரியில இருக்கு?" என்றான்.

இல்லை. எந்த வரியிலும் இல்லை. ஏழு மணி நேரம், முப்பது நாள், 14,000 என்றால் மணிக்கு 66 ரூபாய்ச் சொச்சம். கிரைண்டர் தேய்மானம் அதிலும் கழியவில்லை. அன்றைக்குக் கேரியர் கட்டிக்கொண்டே அழுதேன், அவன் எதிரே இல்லை. அடுத்த மாதம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றினேன், மூன்று கடை நிறுத்தினார்கள், ஒன்று திரும்ப வந்தது.

பூக்கடை_மகன்

ஜவுளிக்கடை அண்ணனின் சதவீதத்தைப் படித்ததும் எங்கள் அம்மா நினைவுதான் வந்தது. அம்மா கோயில் வாசலில் பூ விற்றார். தண்டல் 10,000 என்று சொல்லி 9,000தான் கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள். அம்மாவுக்கு அது பத்து வட்டி, "நூறு நாளைக்கு ஆயிரம்தானடா" என்பார். நான் பேங்க் பரீட்சைக்குப் படிக்கும்போது தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருகிறது, சராசரியாக அம்மா கையில் நின்றது நாலாயிரத்துச் சொச்சம்தான். அதற்கு ஆயிரம் என்றால் வருடத்துக்கு 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. நூறு கட்டம், ஒவ்வொன்றிலும் நீல மையில் ஒரு கிறுக்கல். மழை பெய்து பூ விற்காத நாளிலும் கிறுக்கல் இருக்கிறது. 2020இல் தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி கடன் வந்தது, அப்போது முதல் கடன் 10,000 வரை, ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம். அம்மா 2017லேயே போய்விட்டார்.

கணக்கர்63

மாவு அக்காவுக்கு, கடுமையாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும். என் அண்ணனிடமும் அன்றைக்கு இதே மாதிரிதான் பேசினேன். பவர்டேபிள் நண்பர் புகார் போட வேண்டாம், பில்லில் உத்யம் எண்ணை மட்டும் அச்சடித்து வையுங்கள். மார்ச் நெருங்கும்போது பார்ட்டியின் ஆடிட்டரே அதைப் பார்த்துக் கேட்பார்.

பவர்டேபிள்14

அச்சடித்துவிட்டேன் சார், போன வருடமே. இரண்டு பார்ட்டியில் ஒருத்தர் 45 நாளுக்குள் கொடுக்கிறார், இன்னொருத்தர் ஆர்டரைக் குறைத்துவிட்டார். பில் தொகையில் ஜிஎஸ்டி பங்கைத் தனி அக்கவுண்டில் போடுகிறேன், அதைத் தொடுவதில்லை. இரண்டு வாரச் சம்பளம் எப்போதும் பேங்கில் நிற்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன், அதற்காக வாங்க நினைத்த புது பிளாட்லாக் மெஷினை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்கிழமை வீட்டுக்காரி செயினை அடகு வைத்துத்தான் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தேன். பெண் பீஸை அவர் அதற்குள் பக்கத்து வீட்டில் வாங்கிக் கட்டிவிட்டார். இன்னும் என்னிடம்தான் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை கவரைக் கையில் வாங்கியதும் எண்ணுவதற்கு முன்னால் "பார்ட்டி பணம் வந்துருச்சா தம்பி?" என்று கேட்கிறார். வந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகுதான் கவரைப் பிரிப்பார்.