ஆறு நாளா காய்ச்சல், டெங்கு மலேரியா நெகட்டிவ். அம்மாவுக்கு வேற என்ன பார்க்கணும்?

மலைவாழை (புதன், இரவு 8.15)
அம்மாவுக்கு 58 வயசு. தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துல பழம் பறிக்கப் போறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளிருதுன்னு கம்பளியப் போத்திப் படுத்தவங்க, இன்னிக்கு ஆறாவது நாள். 103 வரைக்கும் போகுது. பாராசிட்டமால் போட்டா நாலு மணி நேரம் இறங்கி மறுபடி ஏறுது. தலைவலி தாங்காம துண்டை இறுக்கிக் கட்டிட்டு இருக்காங்க. வத்தலக்குண்டுல ரத்தம் குடுத்துப் பார்த்தோம். டெங்கு இல்ல, மலேரியா இல்ல, பிளேட்லெட் மட்டும் 98 ஆயிரம். டைபாய்டு லேசா இருக்குன்னு செஃபிக்ஸிம் மாத்திரை குடுத்தாங்க. மூணு நாளாச்சு, ஒண்ணும் கேக்கல. நான் கோயம்புத்தூர்ல இருக்கேன், அக்காதான் கூட இருக்கா. வேற என்ன டெஸ்ட் எடுக்கலாம்?

சிறுமலைக்காரன் (8.32)
பிளேட்லெட் குறைஞ்சாலே பப்பாளி இலைச் சாறுதான் ப்ரோ. நிலவேம்புக் கஷாயமும் குடுங்க, சரியாயிடும்.

ஓய்வான_நர்ஸ் (9.05)
தம்பி, கஷாயம் இருக்கட்டும். இப்பவே அக்காவுக்கு போன் போடுங்க. கதவைச் சாத்திட்டு, டார்ச் அடிச்சு அம்மா உடம்பை முழுசாப் பார்க்கச் சொல்லுங்க. அக்குள், மார்புக்கு அடியில, பாவாடை நாடா இறுக்குற இடம், தொடை இடுக்கு, முட்டிக்குப் பின்னாடி, காதுக்குப் பின்னாடி. பீடி சுட்ட மாதிரி கறுப்பா ஒரு பொருக்கு, சுத்தி லேசா சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனாலதான் யாரும் சொல்ல மாட்டாங்க.

இருந்தா அது உண்ணிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். இல்லைன்னாலும் விட்டுடாதீங்க, எல்லாருக்கும் அந்தப் பொருக்கு வராது. டாக்டர்கிட்ட "காப்பித் தோட்டத்துல வேலை, ஆறு நாள் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் பார்க்கலாமா"ன்னு வாயைத் திறந்து கேளுங்க. ஐஜிஎம் எலிசான்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு. முதல் வாரத்துல அதுவும் சில சமயம் நெகட்டிவா வரும். அதனால சந்தேகம் இருந்தாலே டாக்டர் மருந்தை ஆரம்பிச்சுடுவாங்க. வழக்கமா டாக்ஸிசைக்ளின், கர்ப்பிணின்னா அசித்ரோமைசின். அந்தக் கிருமி நம்ம செல்லுக்குள்ளயே போய்க் குடியிருக்கிறது. செஃபிக்ஸிம் அதை ஒண்ணும் பண்ணாது. டைபாய்டுக்குப் பார்க்கிற வைடால் டெஸ்ட் வேற காய்ச்சல்லயும் லேசாக் காட்டும், அதை நம்பி உக்காராதீங்க.

இதை ஏன் இவ்வளவு வேகமாச் சொல்றேன்னா, 28 வருஷம் ஊசி போட்ட கை இது, எங்க வீட்டுக்காரருக்கே கோட்டை விட்டேன். ஒரு ஆஸ்பத்திரியில டைபாய்டுன்னு ஒம்போது நாள் ஊசி மேல ஊசி. ஒருத்தரும் பனியனைத் தூக்கிப் பார்க்கல. நானும்தான்! பக்கத்துலயே உக்காந்து நெத்திக்கு ஈரத்துணி போட்டுட்டு இருந்தேன். மூச்சு வாங்க ஆரம்பிச்ச அன்னிக்கு உடம்பு துடைக்கும்போது, இடது அக்குள்ல, மிளகு அளவு கறுப்பு. நாலு நாள் ஐசியூல கிடந்து பொழைச்சார்.

மூச்சு வாங்கினா, ஒண்ணுக்குப் போறது குறைஞ்சா, பேச்சு உளறினா விடியட்டும்னு பார்க்காதீங்க. ராத்திரியோட ராத்திரியா திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு இறக்கிடுங்க.

மலைவாழை (10.20)
சிஸ்டர், இருக்கு! இடது இடுப்புல, சுருக்குப்பை சொருகுற இடத்துல. செடிக் குச்சி கீறிடுச்சுன்னு அம்மா மஞ்சள் பத்து போட்டு வச்சிருக்காங்க. அக்கா திட்டினதுக்கு "வலிக்காததை எதுக்குடி சொல்லணும்"ங்கிறாங்க. காலையில முதல் பஸ்ஸுக்கு இறங்குறாங்க. வீட்ல மத்தவங்களுக்கு ஒட்டுமா? தட்டு, டம்ளர் தனியா வைக்கணுமா?

ஓய்வான_நர்ஸ் (10.31)
ஒட்டாது. ஆள்கிட்ட இருந்து ஆளுக்குப் பரவாது. தட்டு தனியா வேண்டாம். தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, ஆனா அது டைபாய்டு, வயித்துப்போக்குக்கு. மாத்திரை குடுத்தா நிறைய தண்ணி விட்டு முழுங்கச் சொல்லுங்க, பாலோட வேண்டாம். முழுங்கின உடனே படுக்கக் கூடாது, தொண்டைக்குழியைப் புண்ணாக்கிடும்.

பூம்பாறைப்_பூண்டு (வியாழன், காலை 6.50)
நம்ம ஊர்லயும் இந்தக் காய்ச்சல் பேச்சு இருக்கு. அட்டைக்குத் தடவுற வேப்பெண்ணெய், புகையிலைத் தண்ணி போதாதா? மாட்டுல இருக்கிற உண்ணியா இது?

ஓய்வான_நர்ஸ் (7.40)
உண்ணிக்காய்ச்சல்னு பேர் வச்சதுதான் எல்லாரையும் குழப்புது. மாட்டு உண்ணி கண்ணுக்குத் தெரியும், பிடுங்கலாம். இது புதர்ல இருக்கிற சின்ன பூச்சியோட குஞ்சு. ஒரு மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குதான் இருக்கும். அந்தக் குஞ்சுப் பருவத்துல மட்டும்தான் எலியையோ நம்மளையோ கடிக்கும். கடிச்சு பத்து நாள் போல ஆகித்தான் காய்ச்சல் வரும், அதுக்குள்ள எங்க உக்காந்தோம்னே மறந்துடும். அட்டை கடிச்சா ரத்தம் ஒழுகுது, ஊரே உப்பும் சுண்ணாம்புமா அலையுது. ஆனா அட்டையால இந்தக் காய்ச்சல் வராது!

வேப்பெண்ணெயை நான் நம்ப மாட்டேன். டீட் கலந்த கொசு விரட்டி கிரீம் கணுக்கால்ல, இடுப்புப் பட்டைக்கிட்ட தடவுங்க. முழுக்கைச் சட்டை போடுங்க, பேன்ட்டை சாக்ஸுக்குள்ள விடுங்க. முக்கியமா சாப்பாட்டு நேரம். பறிக்கிறவங்க வரப்புல புல்லு மேலயே உக்காந்து தூக்குவாளியைத் திறப்பாங்க, போர்த்தின துணியைப் பக்கத்துப் புதர்ல போடுவாங்க. உரச்சாக்கு ஒண்ணு விரிச்சு உக்காருங்க, துணியைக் கயித்துல போடுங்க. சாயங்காலம் வந்ததும் வெந்நீர்ல சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் குளிங்க, போட்டிருந்த துணியை மறுநாள் உடுத்தாதீங்க. வீட்டைச் சுத்திப் புதர் வெட்டணும். பூண்டு அடுக்கி வச்ச அறையில எலி ஓடினா அதையும் பாருங்க. தடுப்பூசி கிடையாது.

மலைவாழை (சனி, மாலை 6.10)
வியாழன் மத்தியானம் டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு காலையில இருந்து காய்ச்சல் இல்ல. ரசம் சோறு சாப்பிட்டு, திங்கக்கிழமை பறிப்புக்குப் போகணும்னு சண்டை. ஏழு நாள் மாத்திரை முடியாம விட மாட்டோம்னு அக்கா செருப்பை ஒளிச்சு வச்சுட்டா. அம்மா கூடப் பறிக்கிற ரெண்டு பேருக்கும் காய்ச்சலாம். மேஸ்திரிக்கு அக்கா போன் பண்ணி, டார்ச் அடிச்சுப் பார்க்கச் சொல்லியிருக்கா.