ஊர்ச் சபையா, ஏழு மணி பஸ்ஸா?

கோத்தகிரி வாசி: எங்க ஊர்க் கிறிஸ்தவ சபை சின்னது, முப்பது குடும்பம். எங்களைப் போல திருநெல்வேலிப் பக்கம் இருந்து தாத்தா காலத்துல வந்தவங்க, இந்த நீலகிரி மலைச் சமூகமான படுகர், ரெண்டு மலையாளக் குடும்பம், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்து தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள்ல இருக்கிறவங்க. ஞாயித்துக்கிழமை ஆனா இளவட்டத்துல பாதி ஏழு மணி பஸ் ஏறி ஊட்டியில வேற சபைக்குப் போயிடுது. இது எனக்கு வலிக்குது. போன மழைக்கு அம்மா தவறினப்போ மண் சரிஞ்சு ரோடு அடைஞ்சு போச்சு. கல்லறைத் தோட்டத்துக்குச் செங்குத்துப் படி, முழுக்கச் சேறு. லைன்ல இருக்கிற பெரியவர் ஒருத்தர் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, பெட்டிக்கு முன்னால தோள் கொடுத்து, கால் விரலைச் சேத்துல ஊன்றி ஊன்றி ஏறினார். அறுபத்தெட்டு வயசு. ஆபத்துக்கு வர்றது பக்கத்துல இருக்கிற சபைதானே?

தேயிலைக்காட்டான்: அண்ணா, நானும் பஸ் ஏறுறவன்தான், வேற ஊர். டிரம்ஸ் கேக்கப் போறேன்னு நினைக்காதீங்க. எங்க அப்பா 22 வருஷம் சபைச் சந்தா பாக்கி வச்சதில்ல. அறுப்பின் பண்டிகைன்னா விறகு உடைக்க, அண்டா தூக்க எங்க லைனுக்குத்தான் ஆள் வரும். ஒரு வருஷம் பண்டிகைக் காணிக்கைப் பொருள் ஏலத்துல அப்பா ஒரு பூசணிக்காயைக் கேட்டார். "சிலோன்காரர் நாப்பது ரூபா"ன்னு கூவினாங்க. 22 வருஷத்துல அவர் பேரு தெரியலையா? ஊட்டியில போன முதல் நாளே என் பேரைக் கேட்டு, அடுத்த வாரம் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க.

குன்னூர் ஜெபவீடு: அவரவர் பாஷையில, அவரவர் பாட்டுல கும்பிடட்டுமே. பைபிள்ல பெந்தெகொஸ்தே நாள்லயே சீஷர் பேசினதை ஜனங்க அவங்கவங்க ஜென்ம பாஷையிலதான கேட்டாங்க? 1947 செப்டம்பர் 27-ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபை எல்லாம் ஒண்ணாகி சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை ஆச்சு. போர்டு ஒண்ணாச்சு, பெஞ்சு ஒண்ணாகல. பல சபை இருக்கிறதுல பாவம் இல்ல.

கேத்தி அக்கா: பாஷைக்காகப் பிரியுறது வேற, மதிக்கலன்னு பிரியுறது வேற. ரெண்டையும் கலக்காதீங்க. தம்பி, உங்க அப்பாவுக்கு நடந்தது தப்பு. நான் படுகர் வீட்டுப் பொண்ணு. சுவிட்சர்லாந்துப் பாசல் மிஷன் ஊழியர் கேத்திக்கு வந்தது 1846-ல, முதல் படுகர் ஞானஸ்நானம் எடுத்தது 1858-ல. அப்படி வந்தவங்களுக்கு ஹட்டியில, அதான் படுகர் ஊர்ல, ஒட்டு அறுந்தது, சபைதான் ஊரும் உறவும் ஆச்சு. அதனாலயே எங்க பெரியவங்க சபையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிறாங்க, அந்தப் பிடியிலதான் அடுத்து வந்தவங்களுக்கு இடம் இல்லாமப் போகுது. பைபிள்ல அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் பாருங்க. பந்தியில தங்கள் விதவைகளை விட்டுட்டாங்கன்னு கிரேக்க பாஷை பேசுற யூத விசுவாசிங்க முறுமுறுத்தாங்க. தனியாப் போங்கன்னு யாரும் சொல்லல. ஏழு பேரை வச்சாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பேரு! குறை சொன்ன பக்கத்துக் கையிலயே பந்தியைக் கொடுத்தாங்க. அதனால பஸ்ஸை விட்டு இறங்குங்க தம்பி, உள்ள நின்னு கேளுங்க.

தேயிலைக்காட்டான்: அக்கா, அந்த அதிகாரத்துல முதல்ல அசைஞ்சது அப்போஸ்தலர். விதவைங்க இல்ல. எங்க அப்பா உள்ள நின்னுதான் 22 வருஷம் கேட்டார். காணிக்கை எண்ணுற மேஜையில ஒரு நாற்காலி போடுங்க, அப்புறம் வான்னு கூப்பிடுங்க. கோத்தகிரி அண்ணா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அம்மாவுக்குத் தோள் கொடுத்தாரே அந்தப் பெரியவர், அவர் உங்க சபைக் கமிட்டியில இருக்காரா?

கோத்தகிரி வாசி: இல்ல. நான் ஒன்பது வருஷமா இருக்கேன். அவர் பேரை ஒரு தடவைகூட நான் முன்மொழியல, தோணவும் இல்ல. ஏழு மணி பஸ்ஸுல முதல் சீட்டுல உக்காந்து போறவன் அவர் மகன். இன்னிக்குச் சாயங்காலம் அவங்க லைனுக்குப் போறேன். அடுத்த தேர்தல்ல என் இடத்துக்கு அவர் நிக்கணும்னு கேக்கப் போறேன்.

தேயிலைக்காட்டான்: போங்க அண்ணா. அவர் உடனே சரின்னு சொல்ல மாட்டார், ரெண்டு மூணு தடவை நடக்க வேண்டியிருக்கும். இந்த ஞாயிறு நான் பஸ்தான் ஏறுவேன்.