புதுப்பிப்பு: பெஞ்ச் டிரில்லில் சக் கழன்றுவிட்டது, ஆழத் தடையும் சரியானது

டிரில் பிட்டைப் பிடிக்கும் சக் கழலவே மாட்டேன் என்கிறது, துளையைக் குறித்த ஆழத்தில் நிறுத்தும் ஆழத் தடை வளைகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். டிரிஃப்ட் (சக்கைத் தட்டிக் கழற்றும் இரும்பு ஆப்பு) போடச் சொன்ன அண்ணனுக்கு நன்றி. இரண்டு வேலையும் முடிந்தது.

மெஷின் கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உப்புக்காற்று, சக் செருகி நிற்கும் கூம்பு வடிவ டேப்பருக்குள்ளும் துருவை இறக்கியிருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, கைப்பிடியால் மேலும் கீழும் போகும் குவில்லை இறக்கி, அதற்குள் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைக் கையால் சுற்றினால் இரண்டின் நீளத் துளைகளும் நேராக வரும். அதில் துரு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். காலையில் டிரிஃப்டைச் செருகித் தட்டியதும் சக் ஆர்பரோடு (சக்கின் பின்னால் உள்ள கூம்புத் தண்டு) மரக்கட்டை மேல் விழுந்தது. அந்தக் கட்டை கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் டேபிள் அடிபடும். இது மோர்ஸ் டேப்பர் 2 என்ற நிலையான கூம்பு அளவு. சில சிறிய மெஷின்களில் சக் நேராக ஸ்பிண்டில் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். அங்கே துளை இருக்காது, சக்குக்கு மேலே இருபுறமும் செருகும் இரட்டை ஆப்புதான் வழி.

திரும்பப் போடும்போது டேப்பரில் எண்ணெய் துளியும் கூடாது. தின்னரால் துடைத்து, சக்கின் தாடைகளை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, மரச்சுத்தியலால் தட்டினேன். ஆட்டம் நின்றது.

அப்புறம் ஆழத் தடை. கம்பி நன்றாகத்தான் இருந்தது, அதைத் தாங்கிய தகரத் துண்டுதான் அழுத்தும்போதெல்லாம் வளைந்தது. லேத் பட்டறையில் 6 மி.மீ. இரும்புப் பட்டையில் அதே அளவுக்கு வெட்டித் துளை போட்டு வாங்கினேன். கம்பியில் ஆழத்தைக் குறிக்கும் ஒற்றை நட்டு அதிர்வில் நகர்கிறது. இரண்டை ஒன்றோடொன்று இறுக்கினால் அசைவதில்லை. அடுத்தது பெல்ட். கடலூரிலேயே நல்லது எங்கே கிடைக்கும்?