ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் கம்ப்யூட்டர் ஆட்டம் திக்கித் திக்கி ஓடுகிறது, ஆர்டிஎக்ஸ் 3050க்கு மாற்றிவிடலாமா?

இரவுப்பறவை:
வணக்கம். ஆறு வருடமாக ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வைத்திருந்தேன். அதன் 4 ஜிபி நினைவகம் புது ஆட்டங்களுக்குப் போதவில்லை. அதனால் பணம் சேர்த்து போன வாரம் ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். மற்றவை: ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), 1080பி மானிட்டர்.

ஓபன் வேர்ல்ட் ஆட்டத்தில் ஒரே இடத்தில் நின்றால் நொடிக்கு 60, 65 பிரேம் (படம்) வருகிறது. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நுழைந்து ஒரு திருப்பம் திரும்பினால் 15க்கு விழுகிறது. படம் அரை நொடி உறைந்து நிற்க, சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கார்டின் பயன்பாடு 45 சதவீதத்தைத் தாண்டுவதில்லை, சூடும் 58 டிகிரிதான். பழைய டிரைவரை டிடியு என்ற மென்பொருள் வைத்துத் துடைத்துவிட்டுப் புதிதாகவும் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை.

மாமா மகனிடம் இதே பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபியும் இருக்கின்றன. அதே ஆட்டம் அவனிடம் சீராக ஓடுகிறது. கார்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நான்கு நாள் அவகாசம் இருக்கிறது. மாற்றிவிடவா?

மின்கம்பி:
அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள் தம்பி. பயன்பாடு 45 சதவீதம் என்றால் கார்டு திணறவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. அதற்கு வேண்டிய மின்சாரம் 132 வாட், உங்கள் எஸ்எம்பிஎஸ் அதைத் தாராளமாகத் தாங்கும்.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்கா, இரண்டா? அப்புறம் ஜிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து ‘பஸ் இன்டர்ஃபேஸ்’ (கார்டுக்குத் தரவு வந்து போகும் வழி) என்ற வரியைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும், அதை அழுத்தி டெஸ்டை ஓடவிட்டுப் படியுங்கள். கார்டு சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்போது படித்தால் தவறான கணக்கு வரும்.

கல்தச்சன்:
இரண்டையும் விட்டுவிட்டு இன்டெல் ஆர்க் பி580 பாருங்களேன். 12 ஜிபி நினைவகம் தருகிறார்கள்.

இரவுப்பறவை:
நன்றி அண்ணா. ரேம் ஒரே ஸ்டிக்தான், டாஸ்க் மேனேஜரில் வேகம் 2133 என்று இருக்கிறது. ஜிபியு-இசட்டில் வந்தது: பிசிஐஇ எக்ஸ்8 4.0 @ எக்ஸ்4 2.0.

மின்கம்பி:
சிக்கல் அந்த வரியிலேயே இருக்கிறது. @க்கு முன்னால் இருப்பது கார்டால் முடிந்தது, பின்னால் இருப்பது இப்போது கிடைப்பது. எக்ஸ்4 என்றால் நான்கு தடம், 2.0 என்பது பிசிஐஇ தலைமுறை. கார்டை எந்த ஸ்லாட்டில் போட்டிருக்கிறீர்கள்? கீழே இருக்கும் நீள ஸ்லாட்டிலா?

இரவுப்பறவை:
ஆமாம், கீழ் ஸ்லாட்தான். பழைய கார்டைக் கழற்றும்போது மேல் ஸ்லாட்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பூட்டு ‘டக்’கென்று உடைந்து கையோடு வந்துவிட்டது. ஸ்லாட்டே போய்விட்டது என்று பயந்து கீழே மாற்றினேன். பார்க்க இரண்டும் ஒரே நீளம்தானே?

மின்கம்பி:
நீளம் ஒன்றுதான், உள்ளே ஓடும் தடங்கள் வேறு. பெரும்பாலான பி450 போர்டுகளில் மேல் ஸ்லாட் நேராக பிராசசரோடு சேர்ந்திருக்கும், பிசிஐஇ 3.0 வேகம். கீழ் ஸ்லாட் போர்டிலுள்ள துணைச் சிப்பான சிப்செட் வழியாகச் சுற்றிப் போகும், 2.0 வேகத்தில் நான்கே தடம். மேலே போட்டால் உங்கள் கார்டுக்கு எட்டுத் தடத்தில் நொடிக்குக் கிட்டத்தட்ட 8 ஜிபி தரவு போகும். கீழே போட்டால் 2 ஜிபிதான்.

நின்றால் நன்றாக ஓடுவதும் திரும்பினால் உறைவதும் இதனால்தான். நின்ற இடத்தில் தேவையான டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) எல்லாம் ஏற்கெனவே கார்டின் நினைவகத்தில் இருக்கும். ஊருக்குள் வேகமாகத் திரும்பும்போது புதுக் கட்டடங்கள் ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாக வந்து சேர வேண்டும். வரும்வரை கார்டு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தப் பூட்டு உடைந்ததற்குப் பயப்பட வேண்டாம். அது கார்டு நழுவாமல் பிடிக்கும் கொக்கி மட்டும், மின் இணைப்பு எதுவும் அதில் இல்லை. உள்ளே உடைந்த துண்டு கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கார்டை மேலே சமமாக அழுத்திப் பொருத்தி, கேபினெட்டின் பின்பக்கத் திருகை நன்றாக முறுக்குங்கள். முதலில் பவர் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், இதை மறக்கவே கூடாது.

அடுத்து பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பி சுயவிவரத்தை இயக்குங்கள். ரேம் பெட்டியில் எழுதிய வேகம் அப்போதுதான் வரும், இப்போது 2133லேயே நிற்கிறது. முடிந்தால் இதே வகையில் இன்னொரு ஸ்டிக் வாங்கி, இரண்டும் ஒரே நேரத்தில் தரவு தரும் இரட்டைச் சேனலாக ஓட்டுங்கள். ரைசன் 3000 வரிசைக்கு அது நன்றாகக் கைகொடுக்கும்.

நூலேணி:
மாற்றலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம்.

3050 என்ற பெயரில் இரண்டு வேறு கார்டுகள் இருக்கின்றன. 2022இல் வந்த 8 ஜிபி கார்டில் 2560 கோர் (கணக்குப் போடும் அலகு), 128 பிட் பஸ் (நினைவகத்துக்குப் போகும் வழியின் அகலம்). 2024இல் வந்த 6 ஜிபி கார்டில் 2304 கோர், 96 பிட் பஸ். நினைவகம் மட்டும் 2 ஜிபி குறைந்தது என்று நினைத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஆர்எக்ஸ் 6600இன் நினைவக அலைவரிசை நொடிக்கு 224 ஜிபி, 3050 6 ஜிபியில் 168. ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) இல்லாத ஆட்டங்களில் 6600 அந்த 8 ஜிபி 3050ஐயே தெளிவாக முந்தும். உங்கள் மாமா மகனின் கார்டு சரியான ஸ்லாட்டில் இருக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

3050 6 ஜிபிக்கும் ஒரு நல்ல இடம் உண்டு. 70 வாட்டில் ஓடும், பல மாடல்களுக்குத் தனி மின் இணைப்பே வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடியாது என்றால் அதைத் தைரியமாக வாங்கலாம். டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் என்விடியா வசதி) வேண்டும், பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வேலை இருக்கிறது என்பவர்களுக்கும் சரி. மற்றபடி கார்டின் விலையை நீங்கள் ஆடும் ஆட்டத்தின் சராசரி பிரேமால் வகுத்துப் பாருங்கள், ஒரு பிரேமுக்கு எவ்வளவு செலவு என்று தெரியும். எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

பி580 நல்ல கார்டு, ஆனால் இந்த ரைசன் 3600க்கு நான் சொல்லமாட்டேன். அதற்கு ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் எட்ட உதவும் வசதி) கட்டாயம் இயங்க வேண்டும். அதன் டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குவதால், பழைய ஆறு கோர் பிராசசரோடு சேர்த்தால் அதன் பலம் முழுதாக வெளியே வராது.

கல்தச்சன்:
இந்தப் பிராசசர் கணக்கு எனக்குத் தெரியாது, நூலேணி. திருத்தியதற்கு நன்றி. நானும் ஒரு பழைய பெட்டிக்கு அதைத்தான் வாங்க இருந்தேன்.

இரவுப்பறவை:
மின்கம்பி அண்ணா, முடிந்தது! மேல் ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்தபோது பூட்டின் ஒரு துணுக்கு உண்மையிலேயே ஓரத்தில் கிடந்தது. போர்டைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டி எடுத்தேன். இப்போது ஜிபியு-இசட்டில் எக்ஸ்8 4.0 @ எக்ஸ்8 3.0 என்று வருகிறது. எக்ஸ்எம்பி போட்டதும் ரேம் 3200.

அதே திருப்பத்தில் பத்து முறை வண்டி ஓட்டிப் பார்த்தேன். ஒருமுறைகூட உறையவில்லை. குறைந்தபட்சம் 57, நின்றால் 85 வரை போகிறது, கார்டின் பயன்பாடும் 97 சதவீதம். திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டாவது ரேம் ஸ்டிக் அடுத்த மாதம்.

இன்னும் ஒரு கேள்வி: பழைய 1050 டிஐயைத் தங்கையின் கம்ப்யூட்டரில் போடலாமா? அதில் சிறிய எஸ்எம்பிஎஸ்தான்.

மின்கம்பி:
தாராளமாகப் போடுங்கள். 75 வாட் கார்டு அது, பெரும்பாலான மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். உங்களுடையதில் ஆறு பின் இணைப்பு இருந்தால் மட்டும், அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான வயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இனி எந்தக் கார்டைக் கழற்றினாலும் பூட்டை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தூக்குங்கள்.