உதவி: தொடக்கச் சண்டையில் அடி விழுவது போலவே இல்லை

மாறன்87:
அவசரம் நண்பர்களே. ஞாயிற்றுக்கிழமைக்குள் குறும்படத்தை அனுப்பியாக வேண்டும். படம் ஒரு குடோன் சண்டையோடுதான் தொடங்குகிறது, இரண்டு நிமிடம். பையன்கள் உயிரைக் கொடுத்து நடித்தார்கள். ஆனால் எடிட்டில் பார்த்தால் ஒத்திகை மாதிரி இருக்கிறது. அடிச் சத்தத்துக்கு மட்டும் பத்து டிராக் போட்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?

லென்ஸ்_கண்ணன்:
எந்த கேமரா? நொடிக்கு எத்தனை ஃப்ரேம்? ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம், எவ்வளவு? எனக்கு ஷட்டர் மேல்தான் சந்தேகம். 'சேவிங் பிரைவேட் ரையன்' (1998) கடற்கரைச் சண்டையில் ஒளிப்பதிவாளர் காமின்ஸ்கி ஷட்டரை 45, 90 டிகிரிக்குக் குறைத்து எடுத்தார். 24 ஃப்ரேமில் 45 டிகிரி என்றால் ஒரு ஃப்ரேமில் ஒளி விழுவது 1/192 நொடிதான், அசைவு மங்காது. மண்ணும் தண்ணீரும் துளித்துளியாகத் தெறிப்பது அதனால்தான்.

ஒலிச்செல்வி:
எதில் கேட்டுப் பார்த்தீர்கள் தம்பி? மியூசிக் எந்த இடத்தில் தொடங்குகிறது?

பழையரசிகர்:
இந்தக் கேள்வி மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். 180 டிகிரி கோடு என்று ஒன்று உண்டு, இரண்டு நடிகர்களையும் இணைக்கும் கற்பனைக் கோடு, கேமரா அதைத் தாண்டக் கூடாது. அதைப் படித்துவிட்டு கேமராவைத் தொடுங்கள். கண்ணன், அந்தப் படம் கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. கடற்கரை அதற்கு அப்புறம்தான்.

லென்ஸ்_கண்ணன்:
முன்னால் வரும் கல்லறைக் காட்சி சில நிமிடம்தான் சார். படம் பார்த்த யாரைக் கேட்டாலும் தொடக்கம் என்று கடற்கரையைத்தான் சொல்வார்கள்.

பழையரசிகர்:
யார் என்ன சொன்னாலும் முதல் ஷாட் முதல் ஷாட்தான். அந்த அமைதியைப் பார்த்துவிட்டு வருவதால்தான் கடற்கரை அப்படி அடிக்கிறது. அதை விட்டுவிட்டுத் தொடக்கக் காட்சி பற்றிப் பேச முடியாது.

மாறன்87:
போன் கேமரா, 30 ஃப்ரேம், ஷட்டர் ஆட்டோ. எல்லா அடியையும் பக்கவாட்டில் வைத்து எடுத்தோம், இரண்டு பேரும் முழுசாகத் தெரியட்டும் என்று. கேட்டது லேப்டாப்பில். மியூசிக் முதல் நொடியிலிருந்தே இருக்கிறது.

ஒலிச்செல்வி:
சரி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பக்கவாட்டில் வைத்தால் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி அப்படியே தெரியும். அடி வாங்குபவர் தோளுக்குப் பின்னால் கேமரா இருந்தால் அவர் தலையே அதை மறைத்துவிடும். இனி எடுக்க முடியாது என்றால் முஷ்டி முகத்தை நெருங்கும்போதே வெட்டுங்கள். அடுத்த ஷாட் தலை திரும்ப ஆரம்பித்த பிறகு தொடங்கட்டும். நடுவில் இரண்டு மூன்று ஃப்ரேம் போனால் யாருக்கும் தெரியாது, அடி பட்டதாகக் கண்ணே நம்பிக்கொள்ளும்.

அடுத்தது ஒலி. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனமான சத்தம் லேப்டாப் ஸ்பீக்கரில் வரவே வராது. அது கேட்கவில்லை என்றுதான் டிராக் மேல் டிராக் ஏற்றியிருக்கிறீர்கள். ஹெட்போனில் கேளுங்கள், மூன்று போதும்: சட்டை உரசல், சதையில் விழும் சத்தம், அவற்றுக்குக் கீழே ஒரு கனமான சத்தம். எல்லாவற்றையும் விட, முதல் அடி வரை மியூசிக்கை எடுத்துவிடுங்கள். குடோன் ஃபேன் சத்தம் மட்டும் ஓடட்டும். அடிக்கு அரை நொடி முன்னால் அதையும் நிறுத்துங்கள். காது காத்திருக்கும்போது விழுகிற அடிதான் வலிக்கும். கண்ணன் சொன்ன கடற்கரைச் சண்டையிலும் இசை கிடையாது, கேப்டனுக்குக் காது அடைக்கும்போது எல்லாச் சத்தமும் மங்கிவிடும். எனக்கு அந்த இடம்தான் இன்றும் நெஞ்சை அழுத்தும்.

பழையரசிகர்:
இசையே இல்லாமல் தொடக்கமா? நம் ரசிகர்கள் முதல் நொடியிலேயே எழுந்து போய்விடுவார்கள்.

ஒலிச்செல்வி:
போக மாட்டார்கள் சார். தியேட்டரில் சட்டென்று சத்தம் நின்றால் பேசிக்கொண்டிருப்பவர்கள் கூட வாயை மூடித் திரையைப் பார்ப்பார்கள்.

மாறன்87:
அக்கா, மியூசிக்கை எடுத்துவிட்டேன். ஆறு இடத்தில் நீங்கள் சொன்ன மாதிரி வெட்டினேன். முதல் அடி விழுந்ததும் என் பக்கத்தில் இருந்த அம்மா திடுக்கிட்டார்! ரெண்டர் (முழுப் படத்தையும் ஒரே வீடியோ ஃபைலாக்குவது) ஓடுகிறது, நன்றி.

லென்ஸ்_கண்ணன்:
தம்பி, 30 ஃப்ரேமிலேயே ரெண்டர் போடுங்கள். கடைசி நேரத்தில் 24 ஆக்கினால் ஃப்ரேம் விழுந்து ஓட்டம் தடுக்கும். பார்த்தீர்களா?